மடிமாங்காய் மதிப்பெண்

ஏப்ரல் மாதம். திருச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தின் மாடி வகுப்பறை. மின்விசிறியைப் போட்டால் விடைத்தாள் பறக்கும், நிறுத்தினால் வியர்வை சொட்டிச் சிவப்பு மை கரையும். அதனால் ஆளுக்கொரு சாக்பீஸ் டப்பாவைப் பாரமாக வைத்துக்கொண்டு திருத்திக்கொண்டிருந்தோம். பத்தாம் வகுப்புக் கணக்கு. என் கட்டில் ஏழாவதோ எட்டாவதோ தாள். கூட்டிப் பார்த்தேன், 34. மறுபடி கீழிருந்து மேலாகக் கூட்டினேன். அப்போதும் 34.

திருத்தும் முகாமில் அந்த எண்ணைக் கண்டால் எல்லோருக்கும் ஒரு தயக்கம். 12 போடும்போது கை நடுங்காது. 34 போடும்போது பேனா காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலே நின்றுவிடும். "ஒண்ணு ஏத்துங்க, இல்லே எறக்குங்க டீச்சர். 34-ல விட்டுட்டுப் போனா ராத்திரி தூக்கம் வராது" என்றார் பக்கத்து மேசைக்காரர். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அதில் ஒரு பெரிய கேள்வி இருந்தது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். ஐந்து மதிப்பெண் வினா ஒன்று, உருளையின் கன அளவு. ஆரத்துக்குப் பதில் விட்டத்தை எடுத்துப் போட்டிருந்தான். கடைசி வரை எல்லாம் தப்பு. மேலிருந்து கீழாக ஒரே கோடாக அடித்து சுழி போட்டிருந்தேன். இப்போது பார்த்தால், தப்புக்கெல்லாம் முன்னால், முதல் வரியில் சூத்திரத்தைச் சரியாக எழுதியிருக்கிறான். விடைக்குறிப்பில் சூத்திரத்துக்கு ஒரு மதிப்பெண் உண்டு. அவசரத்தில் நான்தான் விட்டிருக்கிறேன். சுழியை அடித்து 1 போட்டேன். 35.

அந்தப் பிள்ளைக்கு இது தெரியாது. அவன் ஆணா பெண்ணா என்பதே எனக்குத் தெரியாது. முகப்புத் தாளைக் கிழித்துவிட்டு டம்மி நம்பர் மட்டும் போட்டுத்தான் எங்கள் கைக்கு வரும். ஆனால் அன்று பஸ்ஸில் ஸ்ரீரங்கம் திரும்பும்போது ஒன்றை யோசித்துக்கொண்டே வந்தேன். அவன் தேறியது அவன் எழுதியதாலா, நான் புரட்டியதாலா?

சட்டம் என்னவோ எளிமையானது. பத்தாம் வகுப்பில் ஐந்து பாடம், ஒவ்வொன்றும் 100, ஒவ்வொன்றிலும் 35 வேண்டும். அறிவியலில் மட்டும் 75 எழுத்து, 25 செய்முறை. பிளஸ் டூவில் ஆறு பாடம், 600 மதிப்பெண், அங்கேயும் பாடத்துக்கு 35. நான்கு பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியவன் ஐந்தாவதில் 34 வாங்கினால் தேறவில்லை. ஐந்திலும் சரியாக 35 வாங்கி மொத்தம் 175 எடுத்தவன் தேறிவிட்டான். ஒன்றில் மிஞ்சியதை எடுத்து இன்னொன்றில் குறைந்ததற்கு ஈடுகட்ட வழியில்லை. புண்ணியத்தையும் பாவத்தையும் நேர்செய்யவிடாத சித்திரகுப்தன் கணக்கு மாதிரி.

ஏன் 35? 34 தெரிந்தவனுக்குக் கணக்குத் தெரியாது, 35 தெரிந்தவனுக்குத் தெரியும் என்று எந்தக் கணக்கு வாத்தியாரும் சொல்லமாட்டார். மணலை ஒவ்வொரு துகளாக எடுத்துக்கொண்டே போனால் எந்தத் துகளில் குவியல் குவியலாக இல்லாமல் போகிறது என்று கேட்பது போலத்தான். கோடு எங்கேயாவது விழவேண்டும். விழுந்த இடத்துக்குத் தனி மகிமை எதுவும் இல்லை, கோடு ஒன்று வேண்டும் என்பது மட்டும் நியாயம். இதில் எனக்குச் சங்கடமில்லை. என் சங்கடம் கோட்டின் பக்கத்தில் நின்றுகொண்டு ஒருவர் கையைப் பிடித்து இழுப்பதில்.

இந்தச் சங்கடம் என் வீட்டில் என்னைவிட மூத்தது. கீழச் சித்திரை வீதியில் பாட்டி வீட்டுப் பரணில் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. பூனை ஏழு வீடு மாற்றும் என்பார்கள். பரணிலிருந்து நெல் குதிருக்கு, குதிரிலிருந்து விறகு மச்சுக்கு, கழுத்தைக் கவ்வித் தூக்கிக்கொண்டு போகும். குட்டி நாலு காலையும் தொங்கவிட்டுக்கொண்டு சும்மா இருக்கும். பாட்டி அதைக் காட்டி, "பாத்தியாடி, குட்டிக்கு ஒரு காரியமும் இல்லே. கவ்வறது தாயார் பொறுப்பு. இதான் நம்ம சித்தாந்தம்" என்பாள். கல்யாணமாகிப் புக்ககம் போனால் அங்கே வடகலை. மாமனார் மதிலைக் காட்டுவார். குரங்குக்குட்டி தாயின் வயிற்றை இறுகப் பற்றிக்கொண்டிருக்கும். தாவுவது தாய்தான், ஆனால் குட்டி பிடியை விட்டால் கீழே. "பிடிச்சுக்கறதாவது நாம செய்ய வேண்டாமாம்மா?"

வைணவர்களில் தென்கலைக்கும் வடகலைக்கும் சண்டை நாமத்தின் வடிவத்தைப் பற்றியது என்றுதான் வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். உள்ளே இருப்பது இந்தக் கேள்வி. அருள் ஒருவனுக்குக் கிடைப்பது அவன் ஏதாவது செய்ததாலா, ஒன்றும் செய்யாமலேயா? வேதாந்த தேசிகர் வழியில் வந்தவர்கள் 'வியாஜம்' என்ற ஒரு சொல்லைச் சொல்வார்கள். வியாஜம் என்றால் சாக்கு. பகவானின் கருணைக்குக் குறைவில்லை, ஆனால் அதைக் காட்ட ஜீவன் ஒரு சாக்காவது கொடுக்கவேண்டும். சரணாகதி என்று ஒரு கைகூப்பு போதும். அதைக் கேட்பது கஞ்சத்தனத்தால் அல்ல. ஒரு சாக்கும் இல்லாமல் இவனைக் காப்பாற்றி அவனை விட்டால், பாரபட்சம் பார்த்தான் என்ற பழி பகவானுக்கு வந்துவிடுமே, அதற்காக.

மாமனார் இதைச் சொன்ன நாளில் எனக்கு உருளையின் சூத்திரம் ஞாபகம் வந்தது. அந்தப் பிள்ளை எழுதிய ஒரே ஒரு சரியான வரி, அதுதான் வியாஜம். தேர்வுத் துறை எங்கள் கையில் கொடுத்திருந்த விடைக்குறிப்பு முழுக்கச் சாக்குகளின் பட்டியல்தான். சூத்திரத்துக்கு ஒன்று, உதவிப்படத்துக்கு ஒன்று, பிரதியிட்டதற்கு ஒன்று, அலகு எழுதியதற்கு ஒன்று. விடை தப்பாகவே இருக்கட்டும், வழியில் எங்கேயாவது கைகூப்பியிருக்கிறானா பார். ஸ்டெப் மார்க் என்று நாங்கள் சொல்வது சுத்த வடகலை.

பாட்டியின் தென்கலைக் கட்சிக்கும் பதில் இருந்தது. பிள்ளை லோகாசார்யர் வழிவந்த உரைகளில் 'மடிமாங்காய்' என்று ஒரு பேச்சு உண்டு. தோப்பு வழியாகச் சும்மா போகிறவன் மடியில் காவல்காரனே ஒரு மாங்காயைச் செருகிவிட்டு, "திருடினாய், வா" என்று பிடிப்பதுபோல, பகவான் நம் மடியில் நாம் செய்யாத புண்ணியத்தைச் செருகிவிட்டு நம்மைப் பிடித்துக்கொள்வானாம். ஊர்ப்பெயர் கேட்ட யாருக்கோ நீ தற்செயலாகத் திருவரங்கம் என்று சொன்னாயே, வெயிலில் வந்த அடியார் ஒருவர் உன் வீட்டுத் திண்ணை நிழலில் ஒதுங்கினாரே, அதெல்லாம் உன் கணக்கில் வரவு என்று அவனே எழுதிக்கொள்வான். இன்னும் ஒரு படி மேலே போய், அடியார் குற்றத்தையே அவன் விரும்புவான் என்பார்கள். அப்போதுதான் பிறந்த கன்றின் மேலுள்ள அழுக்கைத் தாய்ப்பசு நக்கி எடுக்கிறதே, அதுபோல. அந்த அழுக்கு பசுவுக்கு அருவருப்பில்லை.

எனக்கு இந்தக் கட்சிதான் பிடிக்கும். சின்ன வயதில் பூனையைப் பார்த்து வளர்ந்தவள். ஆனால் முகாமில் நான் பூனையாக இருக்க முடியுமா?

முடியவில்லை. அது இன்னொரு வருஷத்துத் தாள். அழகான கையெழுத்து, மணி மணியாக. ஆனால் பாதிப் பக்கங்களில் வினாவையே திரும்ப எழுதியிருந்தது. தெரிந்த இரண்டு மூன்று கணக்கை ஒழுங்காகப் போட்டிருந்தது. வட்ட நாற்கரம் வரையும் வினாவில் ஒரு வட்டம் மட்டும், உள்ளே ஒன்றுமில்லை. கடைசிப் பக்கத்தின் அடியில் பென்சிலில், நுணுக்கி: "டீச்சர், எங்க அம்மா கட்டட வேலைக்குப் போறாங்க. பாஸ் போட்டுருங்க. உங்களைக் கும்பிடறேன்."

கூட்டினேன், 33. முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். இரண்டாவது தடவை புரட்டினேன். விடைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்றாவது தடவை வரி வரியாகப் பார்த்தேன். கொடுக்க வேண்டியதையெல்லாம் கொடுத்திருந்தேன். எங்கேயும் ஒரு சாக்கு இல்லை.

இல்லை என்று எப்படிச் சொல்வது? கடைசி வரி சரணாகதி அல்லாமல் வேறென்ன? கைகூப்பு போதும் என்று ஆசாரியர்கள் சொன்னார்களே, அது அங்கே எழுத்தில் இருக்கிறது. பகவான் அந்த ஒரு வரிக்கு மோட்சமே கொடுத்திருப்பான். என் விடைக்குறிப்பில் அதற்கு மதிப்பெண் இல்லை. சரி, இரண்டு மாங்காயைச் செருகிவிடலாமா? வெறும் வட்டத்துக்குப் பக்கத்தில் 2 என்று போட எனக்கு எத்தனை நொடி ஆகும்?

போடவில்லை. 33 என்றே எழுதினேன். ஆனால் அந்தப் பென்சில் வரியை யாரிடமும் காட்டவில்லை. விடைத்தாளில் வேண்டுகோள் எழுதுவது விதிப்படி குற்றம், மேலே தெரிவிக்க வேண்டும். நான் தெரிவிக்கவில்லை. அது என் கருணையா, கடமை தவறியதா என்று இன்றுவரை தீர்மானமில்லை. இரண்டு மதிப்பெண் கொடுக்க மறுத்தவள் இந்த மௌனத்தை மட்டும் எப்படிக் கொடுத்தாள் என்று என்னையே கேட்டுக்கொள்வேன்.

என் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்தவர் கிறிஸ்தவர். வருஷங்கள் போன பின் ஒருநாள் பேச்சுவாக்கில் அவரிடம் இதைச் சொன்னேன். அவர் திராட்சைத் தோட்டத்துக் கதையைச் சொன்னார். விடியற்காலையில் வந்த கூலிக்காரனுக்கும், பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது வந்தவனுக்கும் சொந்தக்காரர் ஒரே கூலி கொடுக்கிறார். காலையிலிருந்து வெயிலில் காய்ந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். அதற்கு அவர், என் பணத்தை என் இஷ்டப்படி கொடுக்க எனக்கு உரிமை இல்லையா என்று கேட்கிறார். கதையைச் சொல்லிவிட்டு அம்மையார் தேநீரை ஆற்றியபடி, "அவர் தோட்டத்துக்குச் சொந்தக்காரர் டீச்சர். நீங்களும் நானும் மேஸ்திரி" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு முடிச்சு அவிழ்ந்தது. அருள் என்பது தன்னுடையதிலிருந்து கொடுப்பது. மாந்தோப்பு பகவானுடையது, மாங்காயும் அவனுடையது, எவன் மடியில் செருகினாலும் திருட்டில்லை. மதிப்பெண் என்னுடையதில்லை. அது ஊருக்குப் பொதுவானது. பரீட்சைக்கு முந்தின ராத்திரி கண்விழித்து 35 வாங்கியவனின் 35-க்கு ஒரு பொருள் இருப்பது, நான் சும்மா ஒருவனுக்கு 35 போடமாட்டேன் என்ற நம்பிக்கையால்தான். அதிலிருந்து இரண்டை எடுத்து நான் தர்மம் செய்தால், கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற கதைதான்.

இன்னொன்றும் உண்டு. பகவான் எல்லாம் தெரிந்தவன், அதனால் அவன் சலுகை காட்டலாம். நான் டம்மி நம்பரைத் தவிர ஒன்றும் தெரியாதவள். என் நியாயம் முழுவதும் எனக்குத் தெரியாது என்பதில்தான் நிற்கிறது. அம்மா கட்டட வேலைக்குப் போவதை எழுதிய பிள்ளை ஒன்று. அதே கட்டில், அதே மாதிரி அம்மா இருந்தும் எழுதாத பிள்ளைகள் எத்தனை பேர்? எழுதத் தெரிந்ததற்காக இரண்டு மதிப்பெண் கொடுத்தால், வாயில்லாமல் 33-ல் நிற்கிறவனுக்கு என்ன பதில் சொல்வேன்?

கும்பகோணத்து இராமானுஜன் கதையையும் இங்கே சொல்லவேண்டும். கணக்கு வாத்தியார்கள் எதற்கெடுத்தாலும் அவரை இழுப்போம், மன்னியுங்கள். 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்றதைத் திரும்பிப் பார்க்காததால் தேறவில்லை, உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எஃப்.ஏ. தேர்வு எழுதியும் தோல்விதான். எல்லாப் பாடத்திலும் தேறவேண்டும் என்ற அதே சட்டம். கூட்டத்தில் யாராவது எழுந்து, "அன்றைக்கு ஒரு பரீட்சகர் நாலு மார்க் போட்டிருந்தால்?" என்று கேட்பார்கள். நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் நடந்ததைப் பாருங்கள். 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம் பட்டமில்லாத அந்தத் துறைமுக குமாஸ்தாவுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. அவருடைய நோட்டுப் புத்தகமும், கேம்பிரிட்ஜிலிருந்து கணிதவியலாளர் ஹார்டி எழுதிய கடிதமும் சாக்கு. எஃப்.ஏ. தோல்வி தோல்வியாகவே கிடந்தது, பழைய தாளை எடுத்து யாரும் மதிப்பெண்ணை மாற்றவில்லை. பல்கலைக்கழகம் தன் பெட்டியைத் திறந்து, தன் பணத்தை எடுத்து, தன் விதியைத் தளர்த்திக் கொடுத்தது. கருணைக்கு முறையான வழி அதுதான். பொய் எழுதவேண்டிய அவசியமில்லை, புதிய கதவு ஒன்றைத் திறந்தால் போதும்.

கொரோனா வந்த வருஷம் அரசாங்கமே பூனையாக மாறியது. 2020 ஜூனில் பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்தாகி, எழுதவேண்டிய ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளும் தேர்ச்சி. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுக்கு 80 விழுக்காடு, வருகைப்பதிவுக்கு 20. அடுத்த வருஷப் பத்தாம் வகுப்புக்குத் தேர்வும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை, வெறும் தேர்ச்சி. கோடு போட்டது அரசு, அதை அழிக்கும் உரிமையும் அதற்கு உண்டு, தோட்டம் அதனுடையது. எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்தப் பேரருளிலும் ஒரு வியாஜம் ஒளிந்திருந்ததை அப்போது சிலர்தான் கவனித்தார்கள். 2020-ல் தனித்தேர்வர்களுக்கு அது கிடைக்கவில்லை. வருகைப்பதிவேட்டில் பெயர் இல்லாதவர்கள், முன்பே ஒருமுறை தோற்று வேலைக்குப் போய்க்கொண்டே படித்தவர்கள், அவர்கள் மட்டும் தேர்வு எழுதத்தான் வேண்டியிருந்தது. யாருக்குக் கருணை அதிகம் தேவையோ அவர்களிடம் காட்டச் சாக்கு இல்லை. எல்லோருக்கும் என்று சொல்லும் அருளிலும் வாசற்படி ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

அப்படியானால் வாத்தியாருக்குச் சொந்தமாக ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. எங்களுடைய நேரம் எங்களுடையது, எங்கள் பொறுமை எங்களுடையது. ஜூனிலிருந்து பிப்ரவரி வரை வகுப்பறையில் நாங்கள் பூனையாக இருக்கலாம், பசுவாக இருக்கலாம். கன்றின் மேலுள்ள அழுக்கு என்பது விட்டத்தையும் ஆரத்தையும் குழப்பிக்கொள்ளும் பையனின் நோட்டுதான். அதை அருவருக்காமல் பதினைந்து தடவை பார்க்கலாம். மணி அடித்த பிறகும் அரை மணி உட்காரலாம். அதற்கு எந்தச் சாக்கும் கேட்க வேண்டியதில்லை. படிக்க வருகிறானா, மதிக்கிறானா, வீட்டுப்பாடம் செய்தானா என்றெல்லாம் கணக்குப் பார்த்துவிட்டு உதவுகிற வாத்தியார் வகுப்பிலேயே பரீட்சகராகிவிட்டார். முகாமில் இரண்டு மதிப்பெண் செருகுகிற தாராளம் பல நேரம் வகுப்பில் கொடுக்காமல் விட்ட கடனுக்கு வட்டி. முப்பத்து மூன்றில் நின்ற அந்தப் பிள்ளைக்கு எங்கோ ஒரு வகுப்பறையில், என்னைப்போல ஒரு வாத்தியார் வட்டத்துக்குள் நாற்கரம் வரைய இன்னொரு தடவை சொல்லிக்கொடுத்திருக்கலாம். என் வகுப்பிலிருந்து போன எத்தனை தாள் வேறு எந்த முகாமில் யாரைத் தூங்கவிடாமல் செய்ததோ.

பாட்டியும் மாமனாரும் இப்போது இருந்தால் சமாதானமாகப் போகலாம் என்பேன். வகுப்பறையில் தென்கலை, முகாமில் வடகலை. மாற்றிச் செய்தால்தான் தப்பு.

நான் 2022-ல் ஓய்வு பெற்றேன். இந்த ஏப்ரலில் முகாமுக்குப் போகும் ஆசிரியர்களிடம் ஒரே வேண்டுகோள். 34 வந்தால் ஏற்றவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம், முதல் பக்கத்திலிருந்து ஒருமுறை புரட்டுங்கள். அந்த ஐந்து நிமிஷம் உங்களுடையது, தாராளமாகக் கொடுக்கலாம். வீட்டில் பிள்ளை தவறிவிட்டால் பெற்றோர் செய்யவேண்டியதும் ஒன்றுதான். தேர்வு முடிவு வந்த சில வாரங்களிலேயே துணைத் தேர்வு நடக்கும், ஆண்டு வீணாகாது. திட்டிக்கொண்டிருக்காமல், விண்ணப்பிக்கக் கடைசித் தேதி என்ன என்று மறுநாள் காலையிலேயே பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேளுங்கள்.